ஆறு மாசத்து நிழல்

வயசுக்காகத்தான் அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். மற்றபடி அந்தக் கடைசி எழுத்துக்குக்கூட அந்த ஆளுக்குத் தகுதி கிடையாது.

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல் கோட்டை மலைக்குக் கீழே, ஊர் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் மனை பிரித்து விற்றார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே ஒரு ஓட்டு வீடு கட்டிக்கொண்டு போனோம். நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் வேலை. தெருவில் பத்துப் பதினைந்து வீடு இருக்கும். மரம் என்று ஒன்று கிடையாது. காக்காய் வந்தால் ஓட்டின் மேல்தான் உட்காரும், அதுவும் கால் சுட்டு உடனே எழுந்து போய்விடும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டை எங்கள் மேல் விடும்.

தண்ணீர் அதைவிட மோசம். குடிக்கிறதற்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவின தண்ணீரும்தான் வாசலில் நடுகிற எதற்கும். ஒரு வீட்டில் ஒரு மரத்தைக் காப்பாற்றினாலே பெரிய காரியம். அதனால் எந்த மரத்தை நடுவது என்பது எங்களுக்குப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒரு கேள்வி. தப்பாகப் போனால் நாலைந்து வருஷம் போச்சு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர் தெருக்கோடி வீட்டில் இருந்தார்.

மர டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் டிப்போக்காரர் என்றுதான் பேச்சு. முழுக்கை காக்கிச் சட்டை, கான்வாஸ் செருப்பு, கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. மழைக்கு அல்ல, வெயிலுக்கு. யார் வீட்டுக்கு முன்னால் குழி தோண்டினாலும் அந்தக் குடை வந்து நிற்கும். “என்ன வைக்கப் போறீங்க?” என்பார். வேம்பு என்று சொன்னால் சிரிப்பார். புங்கை என்றால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார். “நீங்க வைங்க, உங்க பேரன் வந்து உக்காரட்டும். நான் சொல்றத வச்சா ஆறு மாசத்துல நிழல்” என்பார். மனுஷர் வாயில் எந்த மரத்துக்கும் ஆறு மாசம்தான் கணக்கு.

காட்டு இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்தவர் என்று நான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்கிற மாதிரித்தான் பேசுவார். பிறகுதான் தெரிந்தது, மலையிலிருந்து வெட்டி இறக்கின கட்டைகளுக்கு நீளமும் சுற்றளவும் அளந்து சொல்கிற குமாஸ்தா. அவர் சர்வீஸ் முழுக்கப் பார்த்ததெல்லாம் விழுந்து கிடக்கிற மரம். வேரோடு, இலையோடு நிற்கிற மரத்தோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

இது தெரிவதற்கு முன்னாலேயே எங்கள் வாசலில் ஒதியன் போத்து நட்டாகிவிட்டது. தொடைக் கனத்தில் வெட்டின ஒரு கிளை. அதை அப்படியே குழியில் நிறுத்தினால் துளிர்த்துவிடும் என்றார். துளிர்த்ததும் உண்மை. ஐப்பசி மழைக்கு ஆள் உயரத்துக்கு மேல் குடை மாதிரி விரிந்து நின்றது. டிப்போக்காரர் தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு வந்து, அடிமரத்தைக் கையால் சாண் போட்டு அளந்து, “பாத்தீங்களா டீச்சர், பருத்திருச்சு” என்று சொல்லிவிட்டு உட்காருவார். கருப்பட்டிக் காப்பி கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

மாசி பிறந்ததும் இலை உதிர ஆரம்பித்தது. பங்குனியில் மரத்தில் ஓர் இலை இல்லை. மழைக்காலத்தில் நிழலும், கோடையில் மொட்டைக் கட்டையும். இதுதான் அந்த மரத்தின் சுபாவம் என்று பிறகு பள்ளிக்கூட ஆயா சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லை. வெயில் நேரத்தில் நிழல் இல்லாவிட்டால் எதற்கு ஐயா இது என்று கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை.

“மரமும் மனுசன் மாதிரித்தான் டீச்சர். அதுக்கும் வெயில் தாங்கல” என்று சொல்லிவிட்டு, குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டர் வீட்டில் வேலி ஓரமாக வரிசையாக அகத்தி வைக்கச் சொன்னார். சரசரவென்று வளர்ந்தது, வாஸ்தவம். இரண்டாம் வருஷம் ஒவ்வொன்றாகக் காய்ந்து சாய்ந்தது. அகத்திக்கு ஆயுசு அவ்வளவுதான். போஸ்ட் மாஸ்டர் வாசலில் நின்று புலம்பினபோது, கீரை தின்றீர்களா இல்லையா என்று கேட்டார் இவர். இன்னொரு வீட்டுக்குக் கொடைக்கானல் பக்கமிருந்து தைல மரக் கன்று வரவழைத்துக் கொடுத்தார். அது கம்பம் மாதிரி நேரே மேலே போனது. அதன் நிழல் ஒரு கயிறு அகலத்துக்கு, அதுவும் பக்கத்து வீட்டுக் கூரை மேல் விழுந்தது. காற்று நன்றாக வரும் என்றார்.

எந்த இடத்திலும் ஒரு தடவைகூட, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மரம் பட்டுப்போனால் தண்ணீர் ஊற்றினவர்கள் சரியில்லை. பூச்சி விழுந்தால் நட்ட நாள் சரியில்லை. சரி, தோற்ற மனிதனிடம் ஜனங்கள் திரும்பப் போவார்களா? போனார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். ஒதியன் மொட்டையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அடுத்த வீட்டுக்காரர் அவரிடம் போய் யோசனை கேட்டார்.

அவர் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் அவருடைய மனைவி. அந்த அம்மா வாசலைப் பெருக்கி, சாணி தெளித்து, ஒரு புல்கூட இல்லாமல் வைத்திருப்பாள். ஒருநாள் குழாயடியில் பேச்சுவாக்கில் கேட்டேன், உங்கள் வீட்டில் மட்டும் ஏன் ஒரு கன்றுகூட இல்லை என்று. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: “அவரு சொன்னத நட்டு, அதுக்கு நான் தண்ணி சுமக்கணுமா டீச்சர்? கல்யாணம் ஆன நாள்லருந்து அம்புட்டையும் பாத்துட்டேன்.”

பாக்கியத்துக்கு அப்படிச் சொல்லித்தர யாரும் இல்லை. எங்களுக்கு எதிர் வீடு. புருஷன் லாரி டிரைவர். கிளம்பிப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. அதற்குள் ஒரு தையல் மிஷின். தெருவுக்கே ரவிக்கையும் பாவாடையும் அவள்தான். தை மாசம் வரைக்கும் உள்ளே உட்கார்ந்து தைப்பாள். பிறகு முடியாது. தகரம் கொதித்து, மிஷினின் இரும்பைத் தொட்டால் கை சுடும்.

குஜிலியம்பாறைப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போனபோது அங்கிருந்து ஒரு புங்கங்கன்று கொண்டுவந்து வைத்திருந்தாள். ஆடு கடிக்காமல் முள் கட்டி, இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். புங்கை நிழல் குளிர்ச்சி, இன்னும் நாலைந்து வருஷம் பொறு என்று நானும் சொல்லியிருந்தேன்.

டிப்போக்காரர் ஒருநாள் அங்கே போய் நின்றார். அந்தப் புங்கையைக் குடை நுனியால் தட்டி, “இது கெடக்கட்டும் தாயி, புடுங்கிப் போட்டுட்டு தூங்குமூஞ்சி வையி. ஆறு மாசத்துல உன் மிஷினத் தூக்கி வெளிய போட்டுக்கலாம்” என்றார். ஒரே குழித் தண்ணீரில் இரண்டு வளராது என்று வேறு சொன்னார். நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறபோது புங்கை வாடிக் குப்பையில் கிடந்தது. அதே குழியில் தூங்குமூஞ்சிக் கன்று நின்றது. அப்போதே எனக்கு வயிற்றெரிச்சல். அந்தக் கன்றைப் பிடுங்கச் சொல்ல என்ன உரிமை இவருக்கு?

ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஆறு மாசம் ஆகவில்லை, மூன்று வருஷம் ஆனது. ஆனாலும் அந்த மரம் வளர்ந்தது. பந்தல் போட்ட மாதிரி பரந்து தெரு பாதியை மூடினது. சாயங்காலம் இலைகள் கூம்பித் தூங்கிவிடும், காலையில் விரியும். பாக்கியம் மிஷினை வெளியே போட்டாள். மத்தியானம் தெருப் பெண்களெல்லாம் அங்கேதான். கீரை ஆய்கிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள். விடுமுறை நாளில் நானும் நோட்டுத் திருத்த அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு நாற்காலியில் டிப்போக்காரர். புதிதாக வருகிறவர்களிடம், இது என் மரம் என்பார். அவர் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. சாண் மட்டும் தவறாமல் போடுவார். இரண்டு கையால் சுற்றிப் பிடிக்க முடியாமல் போனபோது, யாரையாவது கூப்பிட்டு அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்வார்.

மரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் தெரு முழுக்க முழங்கால் ஆழத்துக்குக் கீழே பாறை. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டின கொத்தனாருக்குத் தெரியும், கிணறு வெட்டப் பார்த்துக் கைவிட்டவர்களுக்குத் தெரியும். மேலே அவ்வளவு பெரிய பந்தல், கீழே பாய் விரித்த மாதிரி மேலோட்டமாக வேர்.

ஒரு வைகாசியில் மத்தியானம் வானம் இருண்டு, மழைக்கு முன்னால் காற்று வந்தது. பொட்டலில் வருகிற காற்றுக்குத் தடை ஏது? மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. பெண்களெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். பாக்கியம் ஓடவில்லை. தைக்கக் கொடுத்த துணிகள் அவளிடம் இருந்தன. அவை பறந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள். துணியையெல்லாம் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, மிஷினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நான் என் வீட்டு ஜன்னலில் நின்று வா வா என்று கத்தினேன். மரம் ஒடியவில்லை. அப்படியே, நிற்கிற ஆள் மயக்கம் போட்டு விழுகிற மாதிரி, வேரோடு சாய்ந்தது.

கடப்பாரை போட்டு நெம்பித்தான் அவளை வெளியே எடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. நினைவு இருந்தது அவளுக்கு. துணி நனையாமல் எடுத்து வையுங்கள் என்று என்னிடம் சொன்னாள். கயிற்றுக் கட்டிலோடு மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் காலையில் அவளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விழுந்த மரத்தின் பக்கத்தில் டிப்போக்காரர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஏதாவது வருத்தம் தெரியும் என்று முகத்தைப் பார்த்தேன். அவர் அளந்துகொண்டிருந்தார். அடிமரத்தின் சுற்றளவு, கவட்டை வரைக்கும் நீளம், எல்லாம். கூட நின்றவர்களிடம், இந்தத் துண்டு வண்டிச் சட்டத்துக்கு ஆகாது, இது விறகுக்கு ஆகும், இதை இப்போதே அறுக்காமல் காயப்போட்டால் வெடிக்கும் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். மரம் செத்துக் கிடந்தது அல்லவா, அவருடைய தொழில் ஆரம்பித்துவிட்டது.

என்னால் அடக்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று, ஒரு பள்ளிக்கூட டீச்சர் பேசக்கூடாத அளவுக்குப் பேசினேன். நன்றாக நின்ற கன்றைப் பிடுங்க வைத்தது யார், பாறை மேல் இந்த மரத்தை வைக்கச் சொன்னது யார், மிஷினை மிதித்துப் பிழைக்கிறவளுக்கு இனி கால் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். நான் முடிக்கிற வரைக்கும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

“கால் போனது வாஸ்தவம்தான் டீச்சர். அத நான் இல்லன்னு சொல்லல” என்றார். “ஆனா மரம் வளந்துச்சா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லுங்க.”

கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குக் காப்பி கிடையாது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. காப்பி கொடுக்க வேறு வீடுகள் இருந்தன.

பாக்கியத்தின் கால் கூடியது. கொஞ்சம் குட்டையாக, வெளிப்பக்கம் திரும்பின மாதிரி கூடியது. இடது காலால் மட்டும் மிஷினை மிதிக்கப் பழகிக்கொண்டாள். முன்னே ஒரு நாளில் தைத்ததற்கு இப்போது இரண்டு நாள் ஆகும். மறு கோடையில் பழையபடி தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து தைத்தாள். மத்தியானம் எட்டிப் பார்த்தால், நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஆடியில் ஒருநாள் அவள் வாசலில் மறுபடி அந்தக் கறுப்புக் குடை. போய்ப் பார்த்தேன். அவர் பழைய குழியைக் குடையால் காட்டி, வாதநாராயணன் போத்து ஒன்று கொண்டுவந்து வைக்கலாம், ஆறு மாசத்துல நிழல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போகிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு, உனக்கு இன்னும் புத்தி வரவில்லையா, இன்னொரு காலையும் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. உள்ளே கை காட்டினாள். “செத்த நேரம் அதுக்குள்ள உக்காந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க டீச்சர்” என்றாள். “நல்லவங்க எல்லாரும் எனக்குப் பொறுத்துக்கன்னுதான் சொல்றீங்க. அந்த மனுசன் ஒருத்தருதான் அடுத்த கோடைக்கே நிழலுங்குறாரு. பொய்யுன்னு எனக்கும் தெரியும்.”

போத்து வந்தது. ஆனால் பாக்கியம் அவர் காட்டின இடத்தில் நடவில்லை. அதை நான் பார்த்தேன். புருஷன் வந்திருந்த இரண்டு நாளில் அவனிடம் கடப்பாரையைக் கொடுத்து, வாசலில் இங்கும் அங்கும் குத்திப் பார்க்க வைத்தாள். ஓர் இடத்தில் கடப்பாரை கல்லில் மோதாமல் உள்ளே போனது. அங்கே பாறையில் ஒரு பிளவு. வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மிஷின் போடுகிற இடத்துக்குப் பக்கவாட்டில். அங்கே நட்டாள். அந்தக் காலை இழுத்துக்கொண்டே குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். மரம் தலை கனக்காமல் வருஷா வருஷம் ஆடிக் காற்றுக்கு முன்னால் கிளையைக் கழித்து ஆட்டுக்குப் போட்டாள். இதில் ஒன்றுகூட டிப்போக்காரர் சொன்னதல்ல. அவர் பாட்டுக்கு வந்தார், சாண் போட்டார், பருத்திருச்சு தாயி என்றார், காப்பி குடித்தார், போனார்.

என் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நாங்கள் மதுரைக்குப் போய்விட்டோம். சில வருஷம் கழித்து, அறுபதுகள் முடிகிற சமயம், போஸ்ட் மாஸ்டர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திண்டுக்கல் போனேன். டிப்போக்காரர் அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் மனைவியைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பாக்கியம் வீட்டுக்குப் போனேன்.

வாதநாராயணன் நன்றாக வந்திருந்தது. மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்து நின்றது. மிஷின் அதன் கீழே. அவளுக்குத் துணையாக ஒரு பெண் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பாக்கியம் எழுந்து எனக்கு மணை போட்டாள். நான் மேலே பார்ப்பதைப் பார்த்து, அந்தப் பெண்ணிடம், “இது டிப்போக்காரய்யா வச்ச மரம்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இடம் பார்த்தது நீ, நட்டது நீ, தண்ணீர் சுமந்தது நீ, அந்த ஆள் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினதுண்டா என்று கேட்டேன். இறந்தவரைப் பற்றி இப்படிப் பேசுகிறேனே என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

பாக்கியம் ஊசியில் நூலைக் கோத்தாள்.

“ஊத்தலதான் டீச்சர்” என்றாள். “ஆனா அவருதான் தெனமும் வந்து வந்து பாத்தாரு. எங்க வீட்டுக்காரரு எந்நேரமும் லாரியில இருப்பாரு. நீங்க எல்லாம் பாவம், வேலைக்குப் போறவங்க. வளந்துருச்சு தாயின்னு சொல்ல வேற யாரு வந்தா?”

காப்பி கொண்டுவந்தாள். கருப்பட்டிக் காப்பி. குடித்தேன். வெயில் தாழ்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். அவரைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் நான் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.